மஞ்சளிக்கும் கரும்பு: பிழைக்கக்கூடியதும் பிடுங்கவேண்டியதும்

கடலூர் ஜில்லாவில் பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட நெல்லிக்குப்பம் வட்டாரம் கரும்புக்குப் பெயர்போனது. பாரி கம்பெனியார் 1842-ம் வருஷத்தில் இங்கே சர்க்கரைத் தொழிலைத் தொடங்கினார்கள். இவ்வளவு பழக்கமுள்ள இடத்திலுங்கூட, கரும்பு மஞ்சளித்தவுடன் காரணத்தை ஆராயாமல் யூரியா மூட்டையைப் பிரிப்பவர்கள் பலர். மஞ்சள் நிறம் ஒரு நோயின் பெயரன்று. வெவ்வேறு குறைகளுக்குப் பொதுவான அடையாளம். அவற்றுள் சில, ஒரு மாதத்துக்குள் தீரக்கூடியவை. ஒன்று மாத்திரம் எதற்கும் தீராது. அதற்கு வைத்தியம் செய்துகொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் அடுத்த வயலுக்கு ஆபத்து.

ஆகையால் முதலில் கவனிக்கவேண்டியது, எந்தத் தோகை மஞ்சளிக்கிறது என்பதே. அடித்தோகைகள் முதலில் வெளுத்து, மேல் தோகைகள் ஓரளவு பசுமையாக நின்றால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. செடி பழைய இலைகளிலுள்ள தழைச்சத்தை எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடுவதால் அவ்வாறு நேர்கிறது. இதற்கு யூரியா இடுவது சரியே. இதற்கு மாறாக, அடித்தோகை பசுமையாயிருக்க, இளந்தோகைகள் நரம்பு பச்சையும் நரம்புகளுக்கு இடையே மஞ்சளுமாகக் கோடிட்டு, பின் முழுவதும் வெளுத்துப் போனால் இரும்புச்சத்துக் குறைவு எனக் கொள்ளலாம். இரும்பு, செடிக்குள் பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு எளிதில் நகராது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த நிலங்களிலும், மறுதாம்புப் பயிரிலும் இது அதிகம். இந்த வயலுக்கு யூரியாவை மட்டும் எவ்வளவு கொட்டினாலும் பச்சை திரும்பாது.

இதற்கு மருந்து அன்னபேதி. ஏக்கருக்கு ஒரு கிலோவை 100 லிட்டர் தண்ணீரில் கரைத்து, வெயில் தணிந்த வேளையில் தோகை நனையத் தெளிக்கவேண்டும். குறை தீராவிடில் 15 நாளுக்கு ஒருமுறையாக மேலும் இருதடவை தெளித்து, கடைசித் தெளிப்பில் ஒரு கிலோ யூரியாவையும் சேர்த்துக்கொள்ளலாம். வருஷந்தோறும் இக்குறை காணும் நிலமானால், அடுத்த நடவின்போது ஏக்கருக்கு 40 கிலோ அன்னபேதியை அடியுரமாக இடுவது நல்லது. பழுப்பேறி மக்கிப்போன அன்னபேதியைக் கடைக்காரர் மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. அதிலுள்ள இரும்பு செடிக்கு எட்டாத நிலைக்கு மாறிவிட்டது.

தோகையைப் பார்த்தபின் வேரைப் பார்க்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நின்ற வயல்களில் இது மிக அவசியம். 2015-ம் வருஷ வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, தண்ணீர் வடிந்த பிறகும் கரும்பு தெளியாமல் நின்ற காட்சி மறந்திராது. மண்ணில் காற்றோட்டம் அற்றுப்போனால் வேர் மூச்சடைத்துக் கறுக்கும். உரம் காலடியில் கிடந்தாலும் உறிஞ்சமாட்டாது. வீடுகளில் கண்ணாடிக் குடுவையில் நிறுத்திவைக்கும் அதிர்ஷ்ட மூங்கிலும் இவ்விதமே கெடுகிறது. (பெயர் மூங்கிலாயினும் அது டிரசீனா என்ற வேறு இனம், மூங்கிலுக்கு உண்மையான உறவு கரும்புதான்.) குடுவைக்குத் தண்ணீர் மாற்றி, அழுகிய வேரை நறுக்கிவிட்டால் அது பிழைக்கும். வயலுக்கு அந்த வேலையை வடிகால் செய்யவேண்டும். பத்து வரிசைக்கு ஒன்றாக ஆழமான சால் பறித்து நீரை வெளியேற்றி, மண் பொருபொருத்தபின் வெள்ளை வேர் புதிதாக விடுகிறதா என்று பார்த்தே மேலுரம் இடவேண்டும். தூரை அசைத்ததும் கையோடு வந்துவிட்டால் நீரைக் குறை கூறாமல், வெண்மையான வேர்ப்புழு உண்டா என மண்ணைக் கிளறிப் பார்ப்பது முறை.

இனி, தீராதது. அதுவே செவ்வழுகல். கொலிட்டோட்ரைக்கம் பால்கேட்டம் என்ற காளான் இதற்குக் காரணம். ஜாவாவில் வென்ட் என்பவர் 1893-ல் இதை முதன்முதல் விவரித்தார். உச்சியிலிருந்து மூன்றாவது, நான்காவது தோகை ஓரங்களில் வெளுத்து வாடுவது தொடக்க அறிகுறி. பின் குருத்து முழுதும் காயும். ஐயமிருந்தால் அக்கரும்பை நெடுக்காகப் பிளந்து பார்க்கவேண்டும். உள்ளே செந்நிறமும், அச்சிவப்பின் நடுவே குறுக்காக வெண்திட்டுகளும், புளித்த கள்ளின் வாடையும் இருந்தால் ஐயம் தீர்ந்தது. தண்டுத் துளைப்பான் கடித்த இடமும் சிவக்கும்; ஆனால் அதில் வெண்திட்டு இராது. இந்த வேற்றுமை தெரியாமல் நல்ல தூரைப் பிடுங்கினவர்களும் உண்டு, நோய்த்தூரை விட்டுவைத்தவர்களும் உண்டு. பின்னதே பெருநஷ்டம்.

செவ்வழுகல் கண்ட தூரை வேரோடு தோண்டி, சோகையோடு வயலிலேயே எரித்துவிடவேண்டும். குழியில் கார்பன்டசிம் மருந்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து ஊற்றவேண்டும். நோய் கண்ட வயலின் தண்ணீர் மறு வயலுக்குப் பாயாதபடி மடையை அடைக்கவேண்டும். காளானின் விதைத்தூள் நீரோடு செல்லும். பல வயல்களுக்கு ஒரே வாய்க்கால் உள்ள கிராமங்களில் இது தனி ஒருவரால் ஆகிற காரியமன்று. கிராம அதிகாரிகள் வாய்க்கால் பாத்தியதையுள்ளவர்களைக் கூட்டி, எந்தச் சர்வே நம்பரில் நோய் கண்டது என்பதை மறைவின்றித் தெரிவிப்பது அவசியம். தம் வயலின் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி மறைப்பதால் அயலார் பயிரும் அழிகிறது.

அத்தகைய வயலில் மறுதாம்பு விடவே கூடாது. முதற்பயிரில் நாலு தூரில் இருந்தது மறுதாம்பில் நாற்பது தூரில் தலைகாட்டும். வெட்டு முடிந்தபின் ஒரு போகமாவது நெல் பயிரிட்டு, பிறகே கரும்புக்குத் திரும்பவேண்டும். ஒரே ரகத்தை ஊர் முழுவதும் நம்பியிருப்பதும் கூடாது. கடலூர் ஆராய்ச்சி நிலையத்தில் உண்டான கோ.சி. 671 சர்க்கரைச் சத்தில் நிகரற்றதென ஆலைக்காரர்களும் குடியானவர்களும் ஒருங்கே கொண்டாடிய ரகம்; தமிழ்நாட்டில் செவ்வழுகலுக்கு இரையாகி ஒதுங்கிற்று.

நோயின் பிரதான வாகனம் கரணைதான். விதைக்கரும்பை ஆலைக்கு வெட்டும் முற்றிய கரும்பிலிருந்து எடுக்காமல், தனியே வளர்த்த 6 முதல் 8 மாத நாற்றங்காலிலிருந்து எடுக்கவேண்டும். நறுக்கும்போது வெட்டுவாயில் சிவப்புத் தெரிந்த கரணையை, எவ்வளவு விலை கொடுத்ததாயினும், கழித்து எரித்துவிடவேண்டும். அதை வெட்டிய கத்தியையும் நெருப்பில் காட்டாமல் அடுத்த கரும்பில் வைக்கலாகாது. தேறிய கரணைகளை 250 லிட்டர் தண்ணீருக்கு 125 கிராம் கார்பன்டசிம் கலந்த கரைசலில் 15 நிமிஷம் ஊறவைத்து நடுவது போதுமானது. கரணைக்குள்ளே ஆழ ஊன்றிவிட்ட காளானை இக்கரைசல் எட்டாது. ஆதலின் ஊறவைப்பதைக் காட்டிலும் பொறுக்கிக் கழிக்கும் வேலைக்கே கூலியாட்களையும் நேரத்தையும் அதிகம் ஒதுக்கவேண்டும்.