மெட்ரிக் டன்: பேரெடையின் அலகு

நெல், கோதுமை, உரம், நிலக்கரி முதலிய பொருள்களின் பேரெடையை 'டன்' என்னும் அலகால் குறிக்கிறோம். ஆயினும் இப்பெயர் மூன்று வெவ்வேறு எடைகளுக்கு வழங்குவதாகும். அவை வருமாறு:

மெட்ரிக் டன்: 1,000 கிலோகிராம்.
பிரிட்டிஷ் டன்: 2,240 ராத்தல், ஏறத்தாழ 1,016 கிலோகிராம்.
அமெரிக்க டன்: 2,000 ராத்தல், ஏறத்தாழ 907 கிலோகிராம்.

நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டின் எடை அளவுத் தரச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் இடத்திற்கிடம் அளவு மாறியது. சென்னை மணங்கு 25 ராத்தல். வட இந்தியாவில் 40 சேர் கொண்ட மணங்கோ 82 ராத்தலுக்கும் மேற்பட்டது.

மெட்ரிக் முறையின் சிறப்பு அதன் எளிமையே. 100 கிலோகிராம் ஒரு குவிண்டால். 10 குவிண்டால் ஒரு மெட்ரிக் டன். 4,375 கிலோகிராம் என்பது 43.75 குவிண்டால், அதுவே 4.375 டன். தசமப் புள்ளியை இடம் மாற்றினாலே விடை கிடைத்துவிடும். மாணவர் மனத்தில் இவ்வெடை பதிய, நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 1 மீட்டர் உள்ள தொட்டியை ஆசிரியர் எடுத்துக்காட்டலாம். அது கொள்ளும் நீரின் எடை ஏறத்தாழ ஒரு டன். 50 கிலோகிராம் கொண்ட 20 மூட்டைகளும் ஒரு டன்னே.

பிரிட்டிஷ் டன்னுக்கும் மெட்ரிக் டன்னுக்கும் உள்ள வேறுபாடு 16 கிலோகிராமே எனினும், அதனைப் புறக்கணித்தல் தவறு. ஒரு மாவட்டத்தின் பழைய பதிவேட்டில் விளைச்சல் 10,000 பிரிட்டிஷ் டன் எனக் கண்டிருப்பதாகக் கொள்வோம். பின்னொரு ஆண்டிலும் அதே அளவு விளைந்தால், மெட்ரிக் கணக்கில் அது ஏறத்தாழ 10,160 டன் ஆகும். அலகை நோக்காது இரண்டையும் ஒப்பிடுபவர், விளைச்சல் 160 டன் பெருகியதென்று முடிவு செய்வார். உண்மையில் ஒரு மணியும் கூடவில்லை. இல்லாத 3,200 மூட்டைகளை நம்பிச் சேமிப்பும் விநியோகமும் திட்டமிடப்பட்டால், குறை பின்னரே வெளிப்படும். ஆகவே பழைய பிரிட்டிஷ் டன் கணக்கை 1.016 ஆல் பெருக்கிய பின்னரே ஒப்பிடுதல் வேண்டும். பட்டியலின் தலைப்பில் எந்த டன் என்பதையும் தெளிவாக எழுதுதல் வேண்டும்.

களப்பணியாளர்க்கு ஒரு கணக்கு: 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள பாத்தியில் 7.5 கிலோகிராம் நெல் கிடைத்தது. ஒரு ஹெக்டேரில் இத்தகைய பாத்திகள் 400 அடங்கும். எனவே விளைச்சல் ஹெக்டேருக்கு 3,000 கிலோகிராம், அதாவது 3 மெட்ரிக் டன்.

பயிற்சி வினாக்கள்

1. 12,600 கிலோகிராம் உரம் எத்தனை மெட்ரிக் டன்? 50 கிலோகிராம் மூட்டைகள் எத்தனை?
2. 250 பிரிட்டிஷ் டன் கோதுமையை மெட்ரிக் டன்னில் கூறுக.

விடைகள்: 1. 12.6 டன், 252 மூட்டைகள். 2. 254 டன்.