பூதம் கெட்டதா, சாமியா?

கேள்வி: 'காந்தாரா' படத்தில் பூதம் என்கிறார்கள், பிறகு அதையே கும்பிடுகிறார்கள். பூதம் நல்லதா, கெட்டதா?

பதில்: பூதம் என்றதும் குழந்தையைச் சோறு உண்ணவைக்கக் காட்டும் பூச்சாண்டி நினைவுக்கு வருவதால் வந்த குழப்பம் இது. கர்நாடகக் கடலோரத்துத் துளுநாட்டில் பூதமும் தெய்வமும் ஒன்றுதான். பன்றி உருவப் பஞ்சுர்லி ஊரையும் பயிரையும் காக்கும். வாக்குத் தவறினால் அதுவே தண்டிக்கும். குளிகன் எனும் பூதம் இன்னும் உக்கிரம். பூதத்தை வரவழைத்து ஆடும் இரவுச் சடங்கில், தென்னங்குருத்து ஓலையை இடுப்பில் கட்டி, முகத்தில் வண்ணம் பூசி, 'கக்கர' எனும் காற்சிலம்பைக் கையில் வாங்கி வணங்கி மாட்டிக்கொள்ளும்வரை ஆடுபவர் வெறும் மனிதர். பிறகு அவர் பேசுவது தெய்வ வாக்கு. நலிக்கே, பம்பதா போன்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தவர்தான் ஆடுகிறார்கள். மற்ற நாளில் அவரை வாசலோடு நிறுத்திய பண்ணையார், அன்றிரவு அவர் முன் கைகட்டி நிற்பார். 2022-இல் வந்த அந்தப் படத்தின் உயிர் இந்த முரணில்தான் இருக்கிறது என்பேன். சண்டைக் காட்சிகள் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

1973-இல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தின் சாத்தான் வேறு. அதற்குப் படையல் கிடையாது, பேரமும் கிடையாது; விரட்டத்தான் வேண்டும். நம் பேய்ப் படங்கள் அந்தச் சாத்தானையும் ஊர் அம்மனையும் ஒரே உச்சக்காட்சியில் மோதவிடுகின்றன. ஆனால் சிலப்பதிகாரத்துப் புகாரில் நாற்சந்தியில் நின்று, பொய்ச்சாட்சி சொன்னவனைப் பிடித்துத் தின்ற சதுக்கப்பூதம் குளிகனுக்குத்தான் உறவு. சுடலைமாடனும் அந்த வகையறாதான்.