கன்ட்ரோலரை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்

பேட்டரி வண்டி: கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கல்யாண மண்டபத்துக்கு வரும் முதியவர்களை ரோட்டிலிருந்து ஏற்றி வர, கோல்ஃப் கார்ட் வகையில் ஆறு பேர் உட்காரும் பழைய பேட்டரி வண்டி ஒன்றை வாங்கினோம். 48 வோல்ட். இப்போது பெடலை மிதித்தால் ‘டக்’ என்று சத்தம் மட்டும் கேட்கிறது; வண்டி நகரவில்லை. சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது. மெக்கானிக் கன்ட்ரோலர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?
– ஒரு வாசகர், திட்டக்குடி

பதில்: அவசரப்படாதீர்கள். வண்டியில் விலை கூடிய பாகங்களில் கன்ட்ரோலரும் ஒன்று; மூடி முத்திரையிட்ட பெட்டி, உள்ளே பார்க்க வழியில்லை. அதனால் காரணம் தெரியாத பழியெல்லாம் அதன் தலையில் விழுகிறது. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் இருந்தால் உண்மையான குற்றவாளியைப் பிடித்துவிடலாம்.

வண்டலூர் பூங்காவிலும் ரயில் நிலையங்களிலும் ஓடும் பேட்டரி வண்டிகளுக்கும் உங்கள் வண்டிக்கும் அடிப்படை ஒன்றுதான். 2001-ல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா காரும் 48 வோல்ட்தான். 6 வோல்ட் பேட்டரி எட்டு. உங்கள் வண்டியில் அநேகமாக 8 வோல்ட் பேட்டரி ஆறு இருக்கும். மின்சாரம் பேட்டரியில் கிளம்பி சோலனாய்டு என்ற பெரிய சுவிட்ச், கன்ட்ரோலர் வழியாக மோட்டாருக்குப் போகிறது. அதே வரிசையில் சோதித்துக்கொண்டே போக வேண்டும்.

முதலில் பாதுகாப்பு. மோதிரம், வாட்ச், செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 48 வோல்ட் ஷாக் பெரிதில்லைதான். ஆனால் ஸ்பேனரோ மோதிரமோ இரண்டு முனைகளைச் சேர்த்துவிட்டால் பாயும் கரன்ட் இரும்பையே உருக்கும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரங்கள் தரையில் படாதபடி ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தூக்கிய நிலையில் பெடலை லேசாகத்தான் தொட வேண்டும். சுமையில்லாத மோட்டார் கண்மண் தெரியாமல் சுற்றும்.

அடுத்து பேட்டரி. பச்சை விளக்கை நம்பாதீர்கள். சல்ஃபேட் படிந்த பேட்டரியில் வோல்டேஜ் சீக்கிரம் ஏறிவிடும். சார்ஜர் வேலை முடிந்தது என்று ஒதுங்கிக்கொள்ளும். சார்ஜரைக் கழற்றி, சில மணி நேரம் விட்டு அளந்தால் முழு சார்ஜில் மொத்தம் 51 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும்; அதாவது ஒவ்வொன்றிலும் 8.5. பிறகு வண்டியை இறக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் பெடலை ஓரிரு விநாடி மிதிக்க, இன்னொருவர் பேட்டரி பேட்டரியாக மீட்டரை வைக்கட்டும். ஐந்து பேட்டரி 8-க்குப் பக்கத்தில் நிற்க, ஒன்று மட்டும் 7-க்குக் கீழே விழுந்தால் அதுதான் நோயாளி. எல்லாமே அசையாமல் நின்றால் கரன்ட் அவற்றைத் தாண்டிப் போகவே இல்லை என்று அர்த்தம். அடுத்த இடத்துக்குப் போங்கள்.

அந்த ‘டக்’ சத்தம் சோலனாய்டுடையது. சாவி, பெடலுக்கு அடியிலுள்ள மைக்ரோ சுவிட்ச், முன்-பின் சுவிட்ச் இவையெல்லாம் ஏறக்குறைய சரி என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் சத்தம் வந்தால் உள்ளே இணைப்பு கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. பம்ப்செட் ஸ்டார்ட்டரில் பாயின்ட் கருகினால் கான்டாக்டர் இழுக்கும், மோட்டார் ஓடாது அல்லவா? அதே கதை. பெடலை மிதித்தபடி சோலனாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் நல்லது. பத்து, இருபது வோல்ட் நின்றால் பாயின்ட் கருகிவிட்டது. சந்தேகமிருந்தால் பெரிய கேபிள்கள் இரண்டையும் கழற்றி, ஒன்றையொன்று தொடாதபடி டேப் சுற்றிவிட்டு, ‘டக்’ சத்தம் வரும்போது ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

உங்கள் வண்டியில் பெரும்பாலும் இதுதான் கோளாறாக இருக்கும். எமரி தாள் போட்டுத் தேய்க்க முடியாது. முழுதாக மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது நான்கு விஷயம்:

1. பேட்டரியின் மெயின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் அதன் பிறகும் சார்ஜ் நிற்கும். பழைய 60 வாட் குண்டு பல்பின் இரண்டு வயர்களை கன்ட்ரோலரின் பி பிளஸ், பி மைனஸ் முனைகளில் சில விநாடி பிடித்தால் இறங்கிவிடும்.

2. வயர்களைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய முனைகளுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும், சிறிய முனைகளுக்குக் குறுக்கே ஒரு டையோடும் இருக்கும். கெப்பாசிட்டர்களை முன்கூட்டியே மெதுவாக நிரப்பி வைப்பது ரெசிஸ்டரின் வேலை. அது அறுந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே தீப்பொறி பறக்கும். புது சோலனாய்டும் சில மாதத்தில் கருகும். டையோடின் வெள்ளிக்கோடு காயிலின் பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும்; திருப்பிப் போட்டால் ஷார்ட்.

3. தொழுதூர் பக்கம் லாரி கடைகளில் மலிவாகக் கிடைக்கிறதே என்று செல்ஃப் மோட்டார் சோலனாய்டைப் பொருத்தாதீர்கள். அது சில விநாடி வேலைக்குச் செய்தது, 12 அல்லது 24 வோல்ட். உங்களுக்கு வேண்டியது 48 வோல்ட் காயிலும், தொடர்ந்து இழுத்து நிற்கும் திறனும் உள்ளது.

4. நட்டை முறுக்கும்போது அடி நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் போல்ட்டே திரும்பி உள் இணைப்பு அறுந்துவிடும்.

சோலனாய்டு நல்லதாக இருந்தால் ஆக்சலரேட்டர் சிக்னலைப் பாருங்கள். இரண்டு வயர் வகையென்றால், வயரைக் கழற்றி பெடலை மெல்ல அழுத்தும்போது 0-விலிருந்து 5,000 ஓம் வரை தடங்காமல் ஏற வேண்டும்; சிலவற்றில் தலைகீழாக இறங்கும். அதன் பிறகு மோட்டார். கவரைத் திறந்து, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, ஸ்பிரிங் அழுத்துகிறதா என்று பாருங்கள். கன்ட்ரோலருக்கு முழு வோல்டேஜ் வருகிறது, பெடல் சிக்னல் சரி, மோட்டாரும் சரி, ஆனாலும் மோட்டார் பக்கம் வெளியீடு இல்லை என்றால் மட்டும் மெக்கானிக் சொன்னது சரி. அவரிடம் இந்த அளவுகளை எழுதிக் கொடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: குப்பை அள்ளும் பேட்டரி வண்டி ஓட்டுகிறேன். ஒரு பேட்டரி முனை மட்டும் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது. பேட்டரி கெட்டுவிட்டதா?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: பேட்டரி கெடவில்லை, கேபிள் முனையிலுள்ள லக் கெட்டிருக்கிறது. வண்டி கிளம்பும்போது 40 ஆம்பியர் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இணைப்பில் அரை வோல்ட் விழுந்தாலே 20 வாட். அத்தனையும் ஒரு நட்டுக்குள் வெப்பமாகிறது. இப்படியே விட்டால் பேட்டரியின் ஈய முனையே இளகிவிடும். ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் வெள்ளைப் பூப்பைக் கழுவுங்கள். செல் மூடிகள் இறுகியிருக்கட்டும், சோடா உள்ளே போகக் கூடாது. உலர்ந்ததும் வயர் பிரஷால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, அதன் மேல் வாசலின் தடவுங்கள். முதலில் வாசலின், பிறகு நட்டு என்று வரிசையை மாற்றாதீர்கள். லக்குக்குள் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால் புது லக் போட வேண்டும். சுத்தியலால் தட்டாமல் கிரிம்பிங் கருவியில் நசுக்கித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பேட்டரி ஆட்டோ மழைக்குப் பிறகு கிளம்பும்போது உதறுகிறது. கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது.
– ஒரு வாசகர், பெண்ணாடம்

பதில்: உங்கள் வண்டியில் கார்பன் பிரஷ் இல்லாத பி.எல்.டி.சி. மோட்டார் இருக்கும். சக்கரம் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது மூன்று ஹால் சென்சார்கள். அதில் ஒன்று பேசாவிட்டால் இந்த உதறல்தான் வரும். சாவியைப் போட்டு, சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டிக்கொண்டே மூன்று சிக்னல் வயர்களையும் ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். ஒவ்வொன்றும் 0-வுக்கும் 5 வோல்ட்டுக்கும் மாறி மாறித் தாவ வேண்டும். மாறாமல் நிற்பது எதுவோ அதுதான் கோளாறு. மழைக்குப் பிறகு என்பதால் முதலில் கனெக்டரைப் பிரித்து, ஈரத்தையும் பச்சைத் துருவையும் நீக்குங்கள். பல நேரம் அத்தோடு சரியாகிவிடும்.

கேள்வி: எங்கள் வளாக வண்டியில் ஆறு பேட்டரிகளில் ஒன்றுதான் இறங்குகிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா? அல்லது லித்தியத்துக்குப் போய்விடலாமா?
– ஒரு வாசகர், சிதம்பரம்

பதில்: செட் வாங்கி ஓராண்டுக்குள் என்றால், அதே கம்பெனி, அதே ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றைப் போடலாம். மூன்று நான்கு ஆண்டு ஆன செட்டில் புதியதைச் சேர்ப்பது பண விரயம். தொடர் இணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே கரன்ட்தான் ஓடும். கிழட்டு பேட்டரிகள் முதலில் காலியாகும், புதியதன் திறனால் பலனிருக்காது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செட் எடை குறைவு, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆனால் சார்ஜரையும் சேர்த்து மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

ஈய பேட்டரியிலேயே நீடிப்பதென்றால், போர் தண்ணீரும் கேன் தண்ணீரும் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டர் மட்டும். முழு சார்ஜ் ஆன பிறகு ஊற்றுங்கள்; தகடு வெளியே தெரிந்தால் மட்டும் சார்ஜுக்கு முன் அது மூழ்கும் அளவு விடுங்கள். மாதம் ஒரு நாள், ஆறு பேட்டரிகளின் வோல்டேஜையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த செட்டில் எந்த பேட்டரி சரிகிறது என்பது வண்டி நிற்பதற்கு முன்பே தெரிந்துவிடும். வாரன்ட்டி கேட்கப் போகும்போது அந்த நோட்டையும் கையில் எடுத்துப் போகலாம்.