அப்பாயி ரூமுக்கு ஒரு ஜன்னல்: ஜெஃப்ரி பாவாவிடம் கற்ற இன்டீரியர் டிசைன் பாடம்

பள்ளியில் தமிழ் ஒரு பாடம், மீதி எல்லாம் இங்கிலீஷ் என்று படித்து வந்த ஆள் நான். எழுத்தில் ஏதாவது இடறினால் தமிழ் மன்றத்து நண்பர்கள் பொறுத்துக்கணும்.

இன்டீரியர் டிசைன்னு சொன்னதும் உங்க மனசுல என்ன வருது? ஃபால்ஸ் சீலிங், அதுக்குள்ள மஞ்சள் லைட், டிவிக்குப் பின்னாடி மரக்கலர் பேனல், கண்ணாடி மாதிரி பளபளக்கும் தரை. எனக்கும் அதுதான் வந்தது. அதனால் ஒரு தப்பு பண்ணினேன். அந்தத் தப்பிலிருந்துதான் இந்தப் பாடத்தை ஆரம்பிக்கணும்.

எங்க ஊர் ஆலத்தியூர். அரியலூர் மாவட்டம், செந்துறை தாலுகா. மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல், ரோட்டைப் பார்த்தால் சிமெண்ட் லாரி. போன வருஷம் அக்கா கல்யாணத்துக்காக வீட்டைப் புதுப்பித்தோம். நான் சிவில் மூன்றாம் ஆண்டு. "நீதானே இன்ஜினியர், நீயே சொல்லு"ன்னு அப்பா பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் பின்ட்ரெஸ்ட்டில் எண்பது படம் சேர்த்தேன். ஹாலில் தாத்தா காலத்து ரெட் ஆக்சைடு தரை இருந்தது. அதற்கு மேல் பளபள விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டினோம். திண்ணையை அடைத்து ஹாலோடு சேர்த்தோம். வந்தவர்கள் எல்லோரும் "சூப்பரா இருக்கு"ன்னு சொன்னார்கள்.

அப்பாயி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன், அப்பாயி ஹாலுக்கே வருவதில்லை. கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணுக்கு டைல்ஸில் விழும் டியூப்லைட் வெளிச்சம் கூசுகிறது. தண்ணீர் சிந்தினால் வழுக்கும் என்று பயம். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். திண்ணை இல்லாததால் சாயங்காலம் வந்து பேசும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் வருவதில்லை. தரை பளபளன்னு ஆச்சு, அப்பாயி ரூமுக்குள்ளேயே முடங்கிட்டாங்க.

இப்போது அப்பா மறுபடி கேட்கிறார்: "பொங்கலுக்கு முன்னாடி அப்பாயி ரூமையும் டைல்ஸ் போட்டு முடிச்சிடலாமா?" இந்த முறை பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் படிப்போம் என்று லைப்ரரி பக்கம் போனேன். அங்கேதான் ஜெஃப்ரி பாவா எனக்கு மாட்டினார்.

யார் இந்த பாவா?

1919-ல் கொழும்பில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, பிறகு வக்கீலானார். அந்தத் தொழில் பிடிக்கவில்லை. 1948-ல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் இருந்த ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுதான் லுனுகங்கா. அந்தத் தோட்டத்தையும் வீட்டையும் ஆசைப்பட்டபடி மாற்றப் போனபோதுதான், கட்டடக்கலை தெரியாமல் முடியாது என்று புரிந்தது. லண்டனுக்குப் போய்ப் படித்து 1957-ல் ஆர்க்கிடெக்டாக வெளியே வந்தார். அப்போது வயது 38. அரியர் வைத்துவிட்டு வாழ்க்கையே போச்சுன்னு உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

பின்னாளில் இலங்கையின் புதிய பாராளுமன்றக் கட்டடத்தையே வடிவமைத்தார். 2001-ல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் விருது பெற்றார். 2003-ல் காலமானார். ஆனால் நமக்கு இங்கே வேண்டியது அவருடைய வீடுகள்தான். அவருக்கு வெளிச்சுவர் வேறு, உள் அலங்காரம் வேறு இல்லை. நாற்காலி, விளக்கு, துணி, தூண், மரம் எல்லாமே ஒரே வேலை.

பாடம் 1: முதலில் குடியிரு, பிறகு மாற்று

கொழும்பில் 33-வது லேன் என்ற சின்னச் சந்து. அதன் முடிவில் வரிசையாக நான்கு சின்ன வீடுகள். 1950-களின் கடைசியில் பாவா அதில் ஒன்றில் வாடகைக்குக் குடியேறினார். பிறகு பக்கத்து வீடும் கிடைத்தது. ஏறக்குறைய பத்து வருஷத்தில் நான்கும் அவர் கைக்கு வந்தன. நான்கையும் ஒரே வீடாக இணைத்தார். அதுதான் இன்று 'நம்பர் 11' என்று உலகம் முழுக்க ஆர்க்கிடெக்ட்கள் தேடிப் போய்ப் பார்க்கும் வீடு.

ஒரே மூச்சில் போட்ட பிளான் இல்லை அது. குடியிருந்துகொண்டே, எந்த நேரத்தில் எங்கே வெளிச்சம் விழுது, எங்கே காத்து வருது, எங்கே உட்காரத் தோணுது என்று பார்த்துப் பார்த்துப் பல ஆண்டுகள் மாற்றிக்கொண்டே இருந்தார். நாம் என்ன பண்றோம்? இரண்டு வாரத்தில் படம் காட்டி, ஒரு மாதத்தில் முடித்து, பத்து வருஷம் சகித்துக்கொள்கிறோம். நான் சேர்த்த எண்பது படத்தில் ஒன்றில்கூட ஒரு வயசானவர் தரையில் உட்கார்ந்திருக்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

பாடம் 2: சேர்ப்பதை விட எடுப்பது பெரிது

நான்கு வீட்டை ஒட்டினால் என்ன ஆகும்? நடுவில் இருக்கும் ரூம்கள் இருட்டாகிவிடும், காற்று போகாது. இதற்கு பாவா செய்தது லைட் மாட்டுவது அல்ல. அங்கங்கே கூரையையும் சுவரையும் எடுத்துவிட்டுச் சின்னச் சின்ன முற்றங்களாக விட்டார். நீளமான நடைபாதையில் நடந்தால் ஓர் இடம் நிழல், அடுத்த இடம் மேலிருந்து வெளிச்சம், ஒரு செடி, ஒரு தண்ணீர்த் தொட்டி, திரும்ப நிழல். அந்த வீட்டின் அழகு இந்த மாறிமாறி வரும் வெளிச்சம்தான்.

இதில் அறிவியலும் இருக்கு. சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலே ஏறும். முற்றம் அதற்கு வழி விடும், கீழே நிழலில் இருக்கும் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். நம்ம ஊர் முற்றம் வைத்த வீடுகளும் இதே கணக்குதான்.

ஃபால்ஸ் சீலிங் இதற்கு நேர் எதிர். அது தப்பே என்று சொல்ல மாட்டேன். மொட்டைமாடிக் காங்கிரீட்டிலிருந்து இறங்கும் வெக்கையை ஓரளவு தடுக்கும். ஆனால் உயரத்தில் குறைந்தது நாலைந்து அங்குலம் போகும். அப்புறம் நம்ம ஊர் விஷயம் ஒன்று: ரோட்டுப் புழுதி. லைட் ஒளித்து வைக்க விடும் அந்தப் பள்ளத்தில் ஆறே மாதத்தில் ஒரு விரல் தடிமனுக்குப் புழுதி சேர்ந்திருக்கும். படத்தில் இருக்கும் வீடு லாரி போகும் ரோட்டு ஓரத்தில் இருக்காது பாருங்க!

பாடம் 3: கைக்கெட்டும் பொருளில் செய்

1960 முதல் 1962 வரை கொழும்பில் எனா டி சில்வா என்ற கலைஞருக்காக பாவா கட்டிய வீடு ரொம்ப முக்கியமானது. அந்தக் காலத்தில் இலங்கையில் வெளிநாட்டுப் பொருள் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு. கண்ணாடியும் ஸ்டீலும் நினைத்தபடி கிடைக்காது. அதனால் செங்கல், ஓடு, மரம், கல், சுண்ணாம்புப் பூச்சு என்று உள்ளூரில் கிடைத்ததை வைத்தே கட்டினார். நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் திறந்த தாழ்வாரம். 2009-ல் அந்த மனை விற்கப்பட்டபோது, வீட்டைக் கழற்றி, எண் போட்டு, லுனுகங்காவில் கொண்டுபோய்த் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்!

இப்போது நம்ம கதைக்கு வாங்க. பல கோடி வருஷத்துக்கு முன் அரியலூர்ப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. கடலில் படிந்த அந்தச் சுண்ணாம்புதான் இன்று நாம் வெட்டும் சுண்ணாம்புக்கல். அதனால்தான் இங்கே சுரங்கத்தில் கடல் உயிரிகளின் புதைபடிவம் கிடைக்கிறது. அந்தக் கல்தான் சிமெண்ட் ஆகிறது. எங்க தாத்தா காலத்துக் கொத்தனார் அந்தச் சிமெண்டோடு காவி நிற ஆக்சைடு பொடி கலந்து தேய்த்த தரையைத்தான் நான் டைல்ஸ் போட்டு மூடினேன். சிமெண்ட் ஊர்க்காரன் எனக்கு சிமெண்ட் தரை கேவலமாகத் தெரிந்திருக்கிறது. பாவாவோ தன் வீடுகளில் வெறும் சிமெண்ட் தரையைத் தேய்த்து மெருகேற்றி அப்படியே பெருமையாக விட்டவர்.

ரெட் ஆக்சைடு தரை போட நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்பு:

ஒன்று, சிமெண்ட்டையும் ஆக்சைடு பொடியையும் காய்ந்த நிலையிலேயே மொத்தமாகக் கலந்து வைத்துக்கொள்ளணும். இரண்டு தடவையாகக் கலந்தால் இரண்டு நிறம் வரும்.

இரண்டு, ஒரு ரூமை ஒரே நாளில் முடிக்கணும். பெரிய ஹால் என்றால் கட்டம் கட்டமாகப் பிரிக்கணும். சிமெண்ட் காயும்போது சுருங்கும். பிரிக்காவிட்டால் அது தானே விரிசல் போட்டுப் பிரித்துக்கொள்ளும்.

மூன்று, இரும்புக் கரண்டியால் அழுத்தித் தேய்ப்பதில்தான் மினுமினுப்பு இருக்கிறது. அதற்குக் கை பழகிய கொத்தனார் வேண்டும்.

நான்கு, குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளணும். சித்திரை வெயிலில் இந்த வேலையை ஆரம்பிக்க வேண்டாம்.

ஐந்து, ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது. ஆசிட் சிமெண்ட்டை அரித்துவிடும். பழைய தரையில் விரிசலை அடைத்தால் ஒட்டு தெரியத்தான் செய்யும். தெரியட்டும்.

பாடம் 4: செய்தவர்களையும் வீட்டுக்குள் கொண்டு வா

1960-களின் இறுதியில் பாவா கட்டிய பெந்தோட்டா பீச் ஹோட்டலில் எல்லோரும் முதலில் அண்ணாந்து பார்த்தது வரவேற்பு ஹாலின் கூரையைத்தான். கூரை முழுக்க பாடிக் துணி. செய்தவர் அதே எனா டி சில்வா. மயில் சிற்பம் லக்கி சேனநாயக்க செய்தது. கைத்தறித் துணிகளுக்கு பார்பரா சன்சோனி. கடைக்குப் போய்ப் பொருள் எடுத்து வருவதை விட, ஆளைக் கூப்பிட்டு வேலையைக் கொடுப்பது அவர் பழக்கம்.

நம்ம பக்கம் ஆள் இல்லையா என்ன? பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஜெயங்கொண்டம் பக்கம் கைத்தறி நெசவு இருக்கிறது. முசிறியில் கோரைப் பாய் நெய்கிறார்கள். டிவிக்குப் பின்னாடி ஒட்டும் பிளாஸ்டிக் பேனலுக்குக் கொடுக்கும் காசில் இவர்களிடம் என்ன கிடைக்கும் என்று ஒருமுறை விசாரித்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

பாவா நமக்கு ரொம்ப தூரத்து ஆளும் இல்லை. நம்பர் 11-ல் செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள் நிற்கின்றன. 1970-களில் அவர் சென்னை கன்னிமாரா ஹோட்டலைப் புதுப்பித்தார். மதுரையில் மதுரா கோட்ஸ் கம்பெனிக்காக ஒரு கிளப் கட்டினார். அது இன்று ஹெரிடேஜ் மதுரை என்ற ஹோட்டல். மதுரைப் பக்கம் போனால் அங்கே உள்ளூர்க் கல்லை அவர் எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று பாருங்கள்.

அப்படியே காப்பி அடிக்கலாமா?

கூடாது. பாவா வசதியானவர், ரோல்ஸ் ராய்ஸ் கார் வைத்திருந்தவர். நமக்கு பட்ஜெட் இருக்கு, கொசு இருக்கு, கதவு திறந்திருந்தால் உள்ளே வரும் நாய் இருக்கு. அவருடைய முற்றத்தை எடுத்து வந்து நம்ம வீட்டில் ஒட்டினால், நான் பின்ட்ரெஸ்ட்டை ஒட்டின அதே தப்புதான். எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் கேட்ட கேள்வியை: இங்கே இருந்து பார்த்தால் இவருக்கு என்ன தெரியணும்?

லுனுகங்காவில் வீட்டுக்கு எதிரே ஒரு குன்று. அதற்கு அந்தப் பக்கம் ஏரியும், தூரத்தில் ஒரு புத்தர் கோயிலும். வீட்டிலிருந்து பார்த்தால் அவை தெரிய வேண்டும் என்பதற்காக அந்தக் குன்றின் உச்சியையே வெட்டித் தணித்தார் பாவா. ஒரு பார்வைக்காக ஒரு குன்று!

இதைப் படித்த வாரம் ஊருக்குப் போனேன். அப்பாயி ரூமில், தரையில் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு கேட்டேன்: "அப்பாயி, இந்த ரூமுக்கு உனக்கு என்ன வேணும்?" ரொம்ப நேரம் யோசிக்கவெல்லாம் இல்லை. "படுத்திருந்தா வாசல் தெரியணும்டா. யாரு வர்றா, போறான்னு பாத்துக்கிட்டே கெடப்பேன்" என்றார். திரும்பிப் பார்த்தேன். படுத்தால் தெரிவது சுவர் மட்டும்தான். அந்த ரூமில் இருக்கும் ஒரே ஜன்னல் நான்கடி உயரத்தில் இருக்கிறது. இத்தனை வருஷமாக அந்த ரூமுக்குப் போய் வருகிறேன், இது எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி அப்பாவிடம் வரைபடம் காட்டினேன். ரெட் ஆக்சைடு தரை அப்படியே இருக்கும். வாசல் பக்கச் சுவரில் மூன்றடி அகலத்தில் ஒரு ஜன்னல், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஆரம்பிக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே ஓட்டுக்கூரையின் எடை இருக்கிறது. அதனால் உள்ளே முட்டுக் கொடுத்து, மேலே லிண்டலை முதலில் உட்கார வைத்து, அது இறுகிய பிறகே கீழே உடைக்கணும். லிண்டல் இரண்டு பக்கமும் ஆறு அங்குலமாவது சுவருக்குள் போகணும். தாழ்வான ஜன்னல் என்பதால் நெருக்கமான கம்பி, கொசுவலை. கிழக்கு வெயிலுக்கு ஒரு சின்ன சன்ஷேடு.

அப்பா கேட்ட முதல் கேள்வி: "வர்றவங்க, ஜன்னலை ஏன்டா இவ்வளவு கீழ வச்சிருக்கீங்கன்னு கேட்க மாட்டாங்களா?" கேட்கட்டும்பா, அப்பாயியே ஜன்னல் வழியா பதில் சொல்லுவாங்க என்றேன். சிரித்துவிட்டு, "சரி, கொத்தனாரை வரச் சொல்லு" என்றார். ஹால் டைல்ஸை இனி ஒன்றும் பண்ண முடியாது. இப்போதைக்கு அப்பாயி நடக்கும் வழியில் வழுக்காத கயிற்று மேட் போட்டு, கூசும் டியூப்லைட்டின் இடத்தையும் மாற்றியிருக்கிறோம். அடைத்த திண்ணையைத் திறக்க அம்மாவிடம் பேச்சுவார்த்தை நடக்கிறது.

உங்களுக்கு வீட்டுப்பாடம்

வரும் லீவில் ஊருக்குப் போகும்போது இதைச் செய்து பாருங்கள். காலை 7, மதியம் 1, மாலை 5 என்று மூன்று நேரம், உங்கள் வீட்டின் ஒவ்வொரு ரூமிலும் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று ஒரு பேப்பரில் குறியுங்கள். வீட்டில் வயதில் மூத்தவர் வழக்கமாக எங்கே உட்காருகிறாரோ, அங்கே அதே உயரத்தில் பத்து நிமிஷம் உட்காருங்கள். என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று எழுதுங்கள். பிறகு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

பின்ட்ரெஸ்ட்டை அதுக்கு அப்புறம் திறந்தால் போதும்.