குட்டி யானை எவ்வளவு தாங்கும்?

சனிக்கிழமை விடியற்காலை. மதுராந்தகம் பக்கத்திலிருந்து அரிசி, காய்கறியோடு ஆதம்பாக்கம் போய்க்கொண்டிருந்தேன். தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையில் இறங்கும்போது முன்னால் ஒரு சைக்கிள்காரர். பிரேக்கை அழுத்தி மிதித்தும் வண்டி நிற்காமல் இழுத்துக்கொண்டே போனது. ஒரு முழ இடைவெளியில் அவர் தப்பினார்.

மெக்கானிக்கிடம் காட்டினேன். "பிரேக் நல்லாத்தான் இருக்கு. எவ்வளவு ஏத்துனீங்க?" என்றார். "எப்பவும் ஏத்துறதுதான்" என்றேன். எத்தனை கிலோ என்று எனக்கே தெரியாது!

அன்றைக்குக் கற்றுக்கொண்ட கணக்கு இது. ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வெற்று எடை, சுமையோடு சேர்ந்த மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். என் வண்டிக்கு 840 கிலோ, 1,550 கிலோ. கழித்தால் 710. ஆனால் அதுவும் முழுக்க சரக்குக்கு இல்லை.

ஓட்டுகிற நானும் உதவியாளும்: 130 கிலோ
காலி கிரேட் 20: 40 கிலோ
தார்ப்பாய், கயிறு, தராசு: 20 கிலோ
சரக்குக்கு மிச்சம்: 520 கிலோ

அன்று நான் ஏற்றியது 25 கிலோ அரிசி மூட்டை 24, கிரேட்டுக்கு 20 கிலோ வீதம் காய்கறி. மொத்தம் 1,000 கிலோ. ஏறக்குறைய அரை டன் கூடுதல்!

எடை கூடினால் வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். பாரம் பின்கோடியில் குவிந்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. டயர் சூடேறி வெடிக்கவும் கூடும். பின்னால் டிரெய்லர் கட்டினால், கொக்கியை அழுத்துகிற எடையும் வண்டியின் சுமைதான்.

தொட்டி நிறைகிற அளவை நம்பாதீர்கள். வைக்கோல் தலைக்கு மேல் நின்றாலும் எடை குறைவு. ஈரத் தொழுவுரம் தொட்டி நிறையும் முன்பே எல்லையைத் தாண்டிவிடும். 200 லிட்டர் ஜீவாமிர்த டிரம் ஒன்றே 200 கிலோவுக்கு மேல். அரைகுறையாக நிரப்பினால் வளைவில் அலம்பி வண்டியைச் சாய்க்கும்.

2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் நம்முடையதே.

"ரெண்டு நடை போனா டீசலுக்கு யார் கொடுப்பா?" என்று நானும் கேட்டவன்தான். இப்போது கெட்டுப்போகாத அரிசியை, சென்னைக்குப் பாதி காலியாகப் போகும் பக்கத்து ஊர் நண்பர் வண்டியில் வாரநடுவில் அனுப்பிவிடுகிறேன். டீசலை ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்கிறோம். சனிக்கிழமை காய்கறி மட்டும்தான்.

நீங்களும் ஒருமுறை வழக்கமான சுமையோடு எடைமேடையில் ஏறிப் பாருங்கள். கழித்து வந்த எண்ணை வண்டிக் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். என் வண்டியில் 520 என்று எழுதியிருக்கிறது. மூட்டை தூக்குகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் தூக்குகிறார்கள்.