பூத்த தொட்டியைக் காயவிடாதீர்கள்: மாசி, பங்குனிக்கான மாடித்தோட்ட ஆலோசனை

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் மாடியில் கினோவா போட்டவர்களுக்கும், சக்கரவர்த்திக் கீரை, தண்டுக்கீரையை விதைக்காக விட்டிருப்பவர்களுக்கும்.

பனி விலகிவிட்டது. மழை ஓய்ந்த கையோடு கார்த்திகைக் கடைசியில் விதைத்த கினோவா இப்போது பூவும் பிஞ்சுமாகக் கதிர் தள்ளி நிற்கிறது. இன்னும் நான்கைந்து வாரத்தில் அறுவடை. போன வருடம் பலர் பயிரைக் கோட்டைவிட்டது இந்த நான்கைந்து வாரத்தில்தான். செடி பட்டுப்போகவில்லை, கதிரும் பார்வைக்கு நிறைவாகவே இருந்தது. கசக்கி ஊதினால் உமி பறந்தது. உள்ளங்கையில் மிஞ்சியவை சப்பி மணிகள். கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "வறட்சி தாங்குற பயிர்னு படிச்சோம், அதான் தண்ணியைக் குறைச்சுட்டோம்."

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். களை எடுங்கள். பழுத்த அடியிலைகளைக் கிள்ளிவிடுங்கள். கதிர் கனத்துச் சாயும் செடிக்குக் குச்சி நட்டுக் கட்டுங்கள். அசுவினி தெரிந்தால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. பூத்தபின் யூரியா வேண்டவே வேண்டாம். குருவி வந்தால் பழைய கொசுவலை போதும்.

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள்.

பூ எடுத்த நாளிலிருந்து மணியில் பால் கட்டி இறுகும்வரை தொட்டி காயக்கூடாது. ஒரு நாள்கூடக் காயக்கூடாது.

கினோவா வறட்சி தாங்கும் என்பது உண்மைதான். பொலிவியாவின் தெற்கு மலைச்சமவெளியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் மழையில் அது பிழைக்கிறது. 2013-ஐ ஐ.நா. சபை சர்வதேச கினோவா ஆண்டாக அறிவித்த பிறகு இந்தப் பெருமை ஊர் உலகமெல்லாம் பரவியது. ஆனால் அந்த நிலம் கடல்மட்டத்துக்கு மேல் 3,600 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவுக் குளிர் கடுமை. இலைத்துளைகளை மூடிக்கொண்டு செடியால் அடுத்த மழைவரை காத்திருக்க முடியும். நம் மாடியில் கான்கிரீட் தளம் பொழுது சாய்ந்த பிறகும் அனல் வீசுகிறது, கறுப்புப் பைக்குள் வேர் வேகிறது. 35 டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில் மகரந்தம் மலடாகத் தொடங்கும். அதோடு வறட்சியும் சேர்ந்தால் செடி உயிரை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும், மணியைக் கைவிட்டுவிடும். பொலிவியாவிலேயே நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? விதைத்து வேர் பிடிக்கும்போதும், பூவிலிருந்து பால் பருவம்வரையும் தண்ணீர் கொடுத்தால் விளைச்சல் நிலைக்கும். இடைப்பட்ட இலைப்பருவத்தில் குறைத்தாலும் பெரிய சேதமில்லை. நம்மவர்கள் செய்வது நேர் எதிர். மார்கழிக் குளிரில் தினமும் ஊற்றுகிறார்கள், மாசி வெயிலில் சிக்கனம் பிடிக்கிறார்கள்.

"மணி சிறுத்தால் என்ன, வறட்சியில் புரதம் கூடுமாமே" என்ற பேச்சும் காதில் விழுகிறது. மணிக்குள் மாவுச்சத்து நிரம்புவது கடைசிக் கட்டத்தில். அப்போது தண்ணீர் இல்லையென்றால் மாவு குறையும், அதனால் புரதத்தின் பங்கு சில சமயம் சற்றே உயர்ந்து தெரியும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். அரைக் கிலோ மணியில் 14 சதவீதம் என்றால் 70 கிராம் புரதம். வாடிய செடிகள் 100 கிராம் கொடுத்து, அதில் 16 சதவீதமே இருந்தாலும் வீட்டுக்கு வருவது 16 கிராம்தான். மணி சிறுக்கச் சிறுக்கத் தோலின் பங்கும் கூடுகிறது. கழுவித் தேய்ப்பதில் இன்னும் கொஞ்சம் போய்விடும்.

தண்ணீருக்கு எங்கே போவது என்கிறீர்கள். நியாயமான கேள்வி. 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டதையும், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் யாரும் மறந்திருக்க முடியாது. பழைய ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்த தி.நகரிலேயே குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்திருந்தோம். குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லமாட்டேன். ஏசியில் சொட்டுவதைப் பிடியுங்கள். அதில் உப்பு அநேகமாக இல்லை. அரிசி, பருப்பு கழுவிய நீர் நல்லது. சுத்திகரிப்பு இயந்திரம் கழிக்கும் நீரை ஏசி நீரோடு பாதிக்குப் பாதி கலந்து கினோவாவுக்கு மட்டும் ஊற்றலாம். துணி துவைத்த தண்ணீர் எதற்கும் ஆகாது. பெசன்ட் நகர், அடையாறு பக்கம் போர் தண்ணீர் கரிக்கிறதென்றால், பையின் விளிம்பில் வெள்ளை பூக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் வாரம் ஒரு முறை நல்ல நீர் விட்டு, அடியில் வழியும்வரை அலசுங்கள். கினோவா உப்பைப் பொறுக்கும், தண்டுக்கீரை அந்த அளவுக்குப் பொறுக்காது.

அப்போதும் போதவில்லையா? பாதித் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் பாதித் தொட்டிகளை விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் பாதி பாதி ஊற்றாதீர்கள். அப்படிச் செய்தால் எல்லாத் தொட்டியும் சப்பியாகும். இன்னும் பூக்காத செடி ஒரு நாள் பொறுக்கும்; பூத்தது பொறுக்காது.

காலையில் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் படவில்லையென்றால் உடனே ஊற்றுங்கள், சாயங்காலத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். மேலே வைக்கோலோ சருகோ நான்கு விரற்கடை கனத்துக்குப் போடுங்கள். மேற்கு வெயில் விழும் பக்கம் 35 சதவீத நிழல்வலை கட்டுங்கள்.

வெள்ளி இரவு ஊருக்குக் கிளம்பி, திங்கள் காலை வந்து ஒரு வாளி கொட்டுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. சருகாகக் காய்ந்த தென்னை நார்க்கழிவு தண்ணீரைச் சட்டென உள்ளே விடாது. ஊற்றியதில் பெரும்பகுதி பையின் ஓரமாக வழிந்து தரையை நனைக்கும், வேர் அப்படியே கிடக்கும். காய்ந்துவிட்டால் பையை அகலத் தொட்டியில் வைத்து அடியிலிருந்து ஊறவிடுங்கள். அதைவிட, கிளம்பும்முன் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மயிலாப்பூர்க்காரர்களுக்கு இன்னொன்று: கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா சரியாக மணி முற்றும் நேரத்தில் வருகிறது. அறுபத்துமூவர் அன்று வீடு நிறைய ஆட்கள், சம்ப் காலியாகிவிடும். முந்தின நாள் மாலையே தொட்டிகளுக்கு ஊற்றிவிடுங்கள். பூத்த தொட்டி காயக்கூடாது என்றால் திருவிழா அன்றும் காயக்கூடாது.

கீரை பறிப்பவர்களுக்கு: வாடி எழுந்த செடியின் இலையில் நைட்ரேட் சேர்ந்திருக்கும். சில நாள் ஒழுங்காக நீர் விட்டபின் பறியுங்கள், கொதிநீரில் வேகவைத்து வடித்துச் சமையுங்கள். சின்னக் குழந்தைக்கு அந்தக் கீரை வேண்டாம்.

இலை மஞ்சளாகி உதிர்ந்து, மணியில் நகம் இறங்காத நாளில் தண்ணீரை நிறுத்தலாம். அதற்கு முன் இல்லை. காலையில் கதிரை அறுத்து, நிழலில் உலர்த்தி, முறத்தில் புடையுங்கள். தோலில் சபோனின் உண்டு. சமைக்குமுன் நுரை அடங்கும்வரை தேய்த்துக் கழுவுங்கள். சித்திரையில் மறுபடி கினோவா விதைக்காதீர்கள், கோடை வெயிலில் பூத்து வீணாகும். அடுத்த கார்த்திகைக்கு விதை எடுத்துவைப்பவர்கள், வாடாத தொட்டியின் பருத்த மணியை மட்டும் எடுத்து, தேதி எழுதிக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.