தண்ணிச்சட்டியை அளந்து பாருங்கள்

“வயசு போனா நாய்க்கும் வயிறு வைக்கும், மயிர் கொட்டும்.” நீர்வேலியில் கிழட்டு டெரியர் நிற்கும் வீடுகளில் இதைக் கேட்டிருக்கிறேன். இந்தப் பேச்சை நம்பித்தான் குஷிங் நோயைப் பலர் மாதக்கணக்கில் கவனிக்காமல் விடுகிறார்கள்.

“வெக்கைக்குக் குடிக்குது” என்பது அடுத்த பேச்சு. அளந்து பாருங்கள். அயல் வீட்டு ஜக் ரசல் நாய் 9 கிலோ. ஒரு லீற்றர்ப் போத்தலால் சட்டியை நிரப்பினோம். மறுநாள் விடிவதற்குள் இரண்டாவது போத்தலிலும் பாதி போய்விட்டது. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 50, 60 மில்லிலீற்றர் வழமை. 100 ஐத் தாண்டினால் வெயிலில் பழி போடாதீர்கள். நீரிழிவோ சிறுநீரக நோயோ குஷிங்கோ இருக்கலாம். இரவில் விறாந்தையில் சலம் விடுகிறதென்று தண்ணீரை ஒளித்து வைப்பது பெரிய ஆபத்து. சலம் கூடப் போவதால்தான் அது குடிக்கிறது.

“நல்லாத் தின்னுது, பிறகென்ன வருத்தம்?” மிகவும் ஏமாற்றுவது இதுதான். குஷிங் நோயில் அதிரீனல் சுரப்பி கோர்ட்டிசோலை அளவுமீறிச் சுரப்பதால் பசி அடங்காது, தசையோ கரையும். ஈரல் வீங்கி, வயிற்றுச் சுவர் தளர்ந்து தொங்கும். அதைக் கொழுப்பென்று நினைக்கிறோம். முதுகைத் தடவுங்கள், எலும்பு தட்டுப்படும். வயிற்றுத் தோல் மெலிந்து இரத்த நாளம் தெரியும்.

மயிர் இரு விலாவிலும் ஒரே மாதிரிக் கொட்டி, நாய் சொறியாமலும் இருந்தால் ஓமோனைச் சந்தேகியுங்கள். சொறியென்று நினைத்துக் கழிவு ஒயில் பூசவே வேண்டாம், நக்கினால் நஞ்சு. சொறிக்கென்று நெடுநாள் கொடுத்த ஸ்டீரொய்ட் ஊசியும் குளிசையும்கூட இதே நோயை உண்டாக்கும். அவற்றைத் திடீரென நிறுத்துவதும் உயிராபத்து. வைத்தியர் சொல்லும்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

“மூளையில கட்டியாம், இனி என்ன?” என்று கைவிடுவோரும் உண்டு. தானாகக் குஷிங் வந்த 100 நாய்களில் 80, 85 க்குக் காரணம், மூளையடியில் இருந்து அதிரீனலைத் தூண்டும் கபச்சுரப்பியில் வரும் கட்டிதான். அநேகமாக அது மிகச் சிறியது, பரவாதது. நோயை உறுதிப்படுத்த ஒரு தடவை இரத்தம் எடுத்துக் கோர்ட்டிசோல் பார்த்தால் போதாது. டெக்சாமெத்தசோன் கொடுக்கமுன் ஒரு தடவையும், கொடுத்து 8 மணித்தியாலத்துக்குள் இரண்டு தடவையும் எடுப்பார்கள். உங்கள் மிருக வைத்தியரிடம் வசதி இல்லையென்றால், பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பலாமா என்று கேளுங்கள்.

இதற்குக் கொடுக்கும் ட்ரைலோஸ்டேன் என்ற மருந்து நோயை அடியோடு மாற்றாது, அடக்கி வைக்கும். அனேகமாக ஆயுளுக்கும் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வாந்தியெடுத்து, சோறு வேண்டாமென்று சோர்ந்து படுத்தால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே வைத்தியரை அழையுங்கள். கோர்ட்டிசோல் அளவுக்கு மிஞ்சிக் குறைந்திருக்கலாம்.

மருந்து பிடித்தால் முதலில் குறைவது தாகம், சில வாரங்களிலேயே தெரியும். மயிர் முளைக்க மாதங்கள் செல்லும். அதுவரை அதே போத்தலால் அளந்து, நாளும் அளவும் கொப்பியில் எழுதி, வைத்தியரிடம் போகும்போது கொண்டுபோங்கள்.